லண்டன் ஸ்கை கார்டன்: சீட்டு கிடைக்க எந்த நாளில் தேட வேண்டும்?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரம் லண்டன் போகிறோம். எழுபது வயதான அம்மாவும் உடன் வருகிறார். உயரமான கட்டடத்தின் உச்சியிலுள்ள ஸ்கை கார்டன் தோட்டத்திலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்க ஆசை. எந்தத் தேதியைத் தொட்டாலும் இடமில்லை என்றே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தேதிகளுக்கு முன்பதிவு இன்னும் தொடங்காமல் இருக்கலாம். இலவசச் சீட்டுகளை மொத்தமாகத் திறப்பதில்லை. வாரந்தோறும் திங்கட்கிழமை, ஏறக்குறைய மூன்று வாரம் வரைக்குமான தேதிகளைத் திறப்பார்கள். பயணத்துக்கு மூன்று வாரம் முந்தைய திங்களன்று நம் ஊர் நேரம் நண்பகலிலிருந்தே ஸ்கை கார்டனின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மாலை நேரச் சீட்டுகள்தான் முதலில் தீரும். பணம் கேட்கும் வேறு தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சனிக்கிழமை மாலை 5.45 வாக்கில் மறையும் சூரியன், ஞாயிறன்று 4.45க்கே மறைந்துவிடும். ஞாயிறுக்குப் பிறகு போவதானால் 4 மணிக்கு முன்பே நுழையும்படி பதிவு செய்யுங்கள். 5 மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். உள்ளே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கணக்கு.

கட்டடம் 20 ஃபென்சர்ச் தெருவில் இருந்தாலும் தோட்டத்துக்கான வாசல் பக்கத்திலுள்ள ஃபில்பாட் லேனில். மான்யுமென்ட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். விமான நிலையம் போலவே பையைச் சோதிப்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்துச் செல்லுங்கள். பெட்டி படுக்கை, சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டையும் அறையிலேயே வைத்துவிடுங்கள்.

லிஃப்ட் நேராக 35ஆவது மாடியில் விடும். அம்மாவுக்கு அந்தத் தளமே போதும். அங்கிருந்து தோட்டம் சரிவாக 37ஆவது மாடி வரை ஏறுகிறது. பெரணிகளுக்கும் லாவெண்டருக்கும் பக்கவாட்டில் படிகள் போகின்றன; ஏற முடியாதவர்களுக்கு உள்ளேயும் லிஃப்ட் உண்டு. கண்ணாடிக் கூரை இருக்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இயற்கைக் காற்றோட்டம் என்பதால் நன்றாகவே குளிரும். தெற்கே திறந்த மொட்டைமாடி ஒன்று உண்டு. காற்றும் மழையும் பலமானால் மூடிவிடுவார்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு: டவர் பாலம் தென்கிழக்கில் இருக்கிறது. பிற்பகல் வெயில் தென்மேற்கிலிருந்து வருவதால் பாலம் பளிச்சென்று தெரியும். அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு செயின்ட் பால் தேவாலயம் இருக்கும் மேற்குப் பக்கம் நகருங்கள். இருட்டிய பின் கண்ணாடியில் உள்விளக்குகள்தான் பிரதிபலிக்கும். கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் ஒரு கறுப்புச் சால்வையைப் போர்த்தினால் படத்தில் பிரதிபலிப்பு விழாது.

சீட்டு கிடைக்கவே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். அதே தெருவில் 120ஆம் எண் கட்டடத்தின் 15ஆவது மாடியில் 'தி கார்டன் அட் 120' இருக்கிறது. அதுவும் இலவசம், முன்பதிவும் வேண்டாம். உயரம் குறைவுதான், ஆனால் திறந்தவெளி. திறக்கும் நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.