கல்லூரி இசை விழாவில் மேடைக்குழு மாணவர்களின் வேலை என்ன?

பாடுபவர்களும் வாசிப்பவர்களும் மேடைக்கு வருமுன்னும், ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியிலும், மைக், கேபிள், ஒலிபெருக்கி ஆகியவற்றை உரிய இடத்தில் வைத்துத் தருபவர்களே மேடைக்குழு மாணவர்கள். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை எழுந்ததும் மேசையைத் துடைத்து அடுத்த இலையைப் போடுகிறவர்களின் வேலையைப் போன்றது இது.

பெங்களூரு உட்பட இந்தியா எங்கும் இந்த வேலை வேகமாக நடக்கவேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது என்பதால், தொடக்கத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் கடைசியாகப் பாடுபவரின் நேரத்திலிருந்தே கழியும். அதிலும் தரையில் அமர்ந்து வாசிக்கும் வீணை, மிருதங்கக் கச்சேரி முடிந்த உடனே டிரம்ஸும் மின்கிதாரும் ஏறும் மேடைகளில், தாழ்வான மைக் தாங்கிகளை அகற்றி உயரமானவற்றை நிறுத்தவேண்டும். மிருதங்கத்தின் இரு பக்கமும் வேறுவேறு நாதம் தருவதால் அதற்கு இரண்டு மைக் வைப்பதும் வழக்கம். எந்த மைக் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின் எந்த எண்ணில் இணைந்துள்ளது என்று முன்னதாகவே எழுதி ஒட்டிவைப்பவரே, என் பார்வையில், குழுவின் உண்மையான நாயகர்.

மைக் ஊளையிட்டால் அது பழுது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும், ஒலிபெருக்கியின் ஓசை திரும்ப மைக்கிலேயே நுழைந்து, சலூனின் எதிரெதிர்க் கண்ணாடிகளில் உருவம் பெருகுவதுபோலச் சுற்றிச்சுற்றிப் பெருகுவதே அந்த ஊளை என்பதால், மைக்கைச் சற்றுத் திருப்பி வைத்தாலே அது அடங்கிவிடுவதுண்டு.