20 மெகாபிக்சலா, 16 மெகாபிக்சலா?

கேள்வி: என் மகளின் படங்களை 18க்கு 12 அங்குல அளவில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை. இரண்டு கேமராக்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1/2.3 அங்குல சென்சார் உள்ள 20 மெகாபிக்சல் பாக்கெட் கேமரா. இன்னொன்று மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அளவு சென்சார் உள்ள 16 மெகாபிக்சல் கேமரா. விலை கூடியதில் மெகாபிக்சல் குறைவாக இருக்கிறதே? எதை வாங்குவது?

பதில்: 16 மெகாபிக்சலையே வாங்குங்கள். குறைகிற அந்த 4 மெகாபிக்சலுக்காக வருத்தப்படவே வேண்டாம்.

முதலில் கணக்கு. 16 மெகாபிக்சல் படம் 4608க்கு 3456 பிக்சல். நீளத்தை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 256 பிக்சல் வரும். 20 மெகாபிக்சலில் 288 வரும். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்ட்டுக்கு 300 என்பது வழக்கம். சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. ஆக, உங்கள் அளவுக்கு இரண்டிலுமே பிக்சல் தாராளம். இரண்டிலும் படம் 4:3 வடிவிலும், உங்கள் பிரிண்ட் 3:2 வடிவிலும் இருப்பதால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும், எடுக்கும்போதே இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? சென்சாரில், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் பதிவு செய்யும் சில்லில். 1/2.3 அங்குலம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைச் சொல்லிவந்த வழக்கத்தின் மிச்சம் அது. நிஜ அளவு சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மில்லிமீட்டர். பரப்பில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு! 18 அங்குல பிரிண்ட்டில், சின்ன சென்சாரில் விழுந்த பிம்பம் 74 மடங்கு விரிகிறது. பெரியதில் 26 மடங்குதான். லென்ஸின் லேசான மங்கலும் அதே கணக்கில் கூடவே விரியும்.

பகலில், வெளியில் எடுத்தால் இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பிள்ளைகளை நாம் எடுப்பது பெரும்பாலும் வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில். அங்கே சின்ன சென்சாருக்குக் கிடைக்கிற ஒளி போதாமல் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதை மறைக்கக் கேமராவே படத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும். அப்படி எடுத்த ஒரு குழந்தைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் விழுந்த முடி இழை இழையாக இல்லை, ஈரத் தூரிகையால் இழுத்த ஒரே தீற்றலாக இருந்தது. புருவமும் அப்படித்தான். பிக்சல்கள் அத்தனை இருந்தும் முடியின் விவரம் பதிவாகவே இல்லை. பார்க்க மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அந்த வயது திரும்ப வராது.

பிக்சல் கூடுதலாக இருப்பது கைகொடுக்கும் இடம் க்ராப் செய்யும்போது. பாதி அகலம், பாதி உயரம் மட்டும் வைத்துக்கொண்டால் 16 மெகாபிக்சல் 4 ஆகிவிடும். அதற்கும் கிட்டே போய் எடுப்பதுதான் நல்ல வழி.

வாங்கும் முன் மெமரி கார்டோடு போய், இரண்டிலும் மங்கலான வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுங்கள். முகம் இருக்கும் பகுதியை, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்காக வெட்டி 6க்கு 4 அளவில் பிரிண்ட் போடுங்கள். 18க்கு 12 பிரிண்ட்டில் அந்த இடம் எப்படி இருக்குமோ, அது உங்கள் கையில் இருக்கும். முடியைப் பாருங்கள்.