பத்தனையில் மாடு நிறுத்தியபின் நெட்டைக்காலி காணாமல் போனது

தீ வைக்க வேண்டாம். இலங்கையின் வெலிமடைப் பக்கப் பத்தனையில், அதாவது மலைச்சரிவுப் புல்வெளியில், மாடு விடுவதை நிறுத்தியதும் நெட்டைக்காலிக் குருவி போய்விட்டது, புல்லை எரித்தால் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பலாம். ஆனால் அதற்கு நெருப்புத் தேவையில்லை.

பெரும்பாலும் காரணம் மானாப்புல் என்ற உயரமான வாசனைப் புல்தான். நெட்டைக்காலி தரையில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும் குருவி. கணுக்கால் உயரப் புல்லும் நடுவில் கொஞ்சம் வெறும் மண்ணும் இருந்தால் போதும். மானா முற்றி இடுப்பளவுக்கு வந்து பழைய தாள் மடிந்து மூடிவிட்டால் அதற்கு ஓட இடமில்லை. முற்றின மானாவை மாடும் தொடாது, வாசனையும் சொரசொரப்பும் அப்படி. இளந்துளிரைத்தான் கடிக்கும். அதனால் இப்போது மாட்டைத் திரும்ப விட்டாலும் உடனே மாற்றம் தெரியாது.

முதலில் இதைப் பாருங்கள்: காலையில் பக்கத்து விளையாட்டு மைதானம், ரோட்டோரம், புல் வெட்டின இடம் ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். நெட்டைக்காலி வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு அங்கே ஓடினால், பிரச்சினை புல் உயரம்தான். அங்கேயும் இல்லையென்றால் மருந்தடிப்பு, நாய் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

புல் உயரம்தான் என்றால் திட்டுத்திட்டாக வெட்டுங்கள், முழுச் சரிவையும் அல்ல. விசிறிவால் கதிர்க்குருவி உயரமான புல்லுக்குள்தான் கூடு பின்னும். சில்லை என்ற சிறு குருவிகளுக்குப் புல் விதை வேண்டும். வெட்டுமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு குருவி அங்கேயே சுற்றினால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது, அந்தத் திட்டை விட்டுவிடுங்கள்.

கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் வைக்கிற தீ உங்கள் பத்தனையோடு நிற்காது, எரிந்த சரிவில் அடுத்த மழைக்கு மண்ணும் இறங்கும்.