மாதிரிப் புகையிரதத்துக்கு மரக்கால் பாலம்: வாசகர் கேள்வியும் பதிலும்

மாதிரிப் புகையிரதப் பாதைகளைப் பற்றி நமது பகுதியில் வெளியான குறிப்பைத் தொடர்ந்து வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றுள், மரக்கால்களைப் பிணைத்த சட்டங்களை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் பாதையைத் தாங்கும், டிரெசல் எனப்படும் மரக்கால் பாலத்தைப் பற்றிய கேள்விகளே மிகுந்திருந்தமையால், இம்முறை அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: என்னிடம் 8 அடிக்கு 4 அடி மேசையில் எச்.ஓ. அளவுப் பாதை ஒன்று உள்ளது. நடுவே ஒரு பள்ளம் அமைத்து அதன் மேல் மரக்கால் பாலம் கட்ட விரும்புகிறேன். பாகங்கள் அடங்கிய வெளிநாட்டுப் பொதிகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. இங்குள்ள மரத்தில் செய்ய முடியுமா? (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். பொதியில் வருவதும் அளவாகச் சீவிய மரக்குச்சிகளே. ஆனால் மரத்தைத் தேடுவதற்கு முன் அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாதிரிப் பாலங்கள் பொய்யாகத் தோன்றுவதற்கு முதற் காரணம், கையில் கிடைத்த தடிப்பிலேயே எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான்.

எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு. உண்மையான ஓர் அடி அதில் 3.5 மில்லிமீற்றர் ஆகும். வட அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட பாலங்களில் கால்கள் பெரும்பாலும் 12 அங்குலச் சதுர மரங்களாக இருந்தன. ஆகவே உங்கள் கால் 3.5 மில்லிமீற்றர்ச் சதுரமாக இருக்க வேண்டும். கால்களின் தலையில் கிடக்கும் தலைமரம் 14 அடி நீளம் என்று கொண்டால் 49 மில்லிமீற்றர். தண்டவாளத்தின் கீழே நீளவாக்கில் ஓடும் நெடுமரங்கள் 8 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்டவை எனில், மாதிரியில் 2.3க்கு 4.7 மில்லிமீற்றர். சட்டத்தின் மேல் குறுக்காக அறையப்படும் சாய்பலகைகள் 3 அங்குலத் தடிப்பே உடையவை; அவை ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக வர வேண்டும். இந்தச் சாய்பலகைதான் பெரும்பாலானோரைக் கைவிடுகிறது. அதனை 2 மில்லிமீற்றரில் ஒட்டிவிட்டால் மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தாலும் பாலம் விளையாட்டுப் பொருளாகவே தெரியும்.

மரத்தைப் பொறுத்தவரை பாலையும் முதிரையும் வேண்டாம். அவை வீட்டுக்கும் வாசலுக்கும் சிறந்த மரங்கள். ஆனால் 3 மில்லிமீற்றர்க் குச்சியாகச் சீவுவதற்கு அவற்றின் வலிமையே இடைஞ்சலாகிவிடும். தச்சுப் பட்டறையில் கழிவாக ஒதுங்கும் தேக்கு அல்லது மகோகனிச் சிலாகைத் துண்டுகளில், வரி நெருக்கமாகவும் நேராகவும் ஓடுகிறவற்றைத் தெரிந்தெடுங்கள். அகன்ற வரியுள்ள துண்டு இந்த அளவில் பெருமரம் போலத் தோன்றாது. மேசை வாளில் இவ்வளவு மெல்லிய குச்சி அறுப்பது விரலுக்கு ஆபத்தான வேலை. அதைப் பழகிய தச்சரிடமே விடுங்கள். சிலிப்பர் கட்டைகளுக்கு நெருப்புக்குச்சிகளே போதும்: மருந்துத் தலையை வெட்டிவிட்டால், ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்ச் சதுரத்தில், தேவையான 35 மில்லிமீற்றர் நீளத்துக்கு அவை அருமையாகப் பொருந்தும். சாய்பலகைக்கு ஐஸ்பழக் குச்சியைச் சான்ட் பேப்பரில் தேய்த்து மெல்லிதாக்கி, நீளவாக்கில் மூன்றாகக் கிழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இருபது சட்டங்களும் ஒன்றுபோல் வருவதில்லை. ஒன்று சரிகிறது, மற்றொன்று உயர்கிறது. அதோடு என் பாதை வளைவில் போகிறது. வளைந்த பாலத்துக்கு நெடுமரத்தை எப்படி வளைப்பது? (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே அளந்து கட்டுவதுதான் உங்கள் சிரமத்தின் வேர். இந்த வகைப் பாலத்தின் அமைப்பை நன்கு கவனியுங்கள். நான்கு கால்களில் உள்ளிரண்டும் தண்டவாளங்களுக்கு நேர் கீழே நிமிர்ந்து நிற்கின்றன. பாரத்தை நிலத்துக்கு இறக்குபவை அவையே. வெளியிரண்டும், ஓர் அடி இறங்குவதற்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை விலகிச் சாய்ந்து நிற்கின்றன. புகையிரதம் பக்கவாட்டில் ஆட்டும்போதும் காற்று தள்ளும்போதும் சட்டம் சரியாமல் பிடிப்பது இவற்றின் வேலை. சாய்வு எல்லாச் சட்டத்திலும் ஒன்றே. எனவே உயரம் குறைந்த சட்டம் என்பது, மிக உயரமான சட்டத்தின் மேற்பகுதியேயன்றி வேறில்லை.

இதைப் புரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். பள்ளத்தின் ஆழமான இடத்தில் நிற்க வேண்டிய சட்டத்தை முழு அளவில் கடதாசியில் வரைந்து, ஒரு பிளைவுட் துண்டில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துப் பரப்புங்கள். அப்போது பசை கீழே ஒட்டாது. கோடுகளின் இரு பக்கமும் சிறு கட்டைகளை அறைந்துவிட்டால் அச்சு தயார். தலைமரத்தை எப்போதும் அச்சின் மேல் முனையிலேயே வையுங்கள். உயரம் குறைய வேண்டிய சட்டத்துக்குக் கால்களை அடியில் மட்டும் வெட்டி, அந்த இடத்தில், கால்கள் ஊன்றி நிற்கும் கிடையான அடிமரத்தை ஒட்டுங்கள். உண்மைப் பாலங்களிலும் தட்டுகள், அதாவது உயரமான சட்டத்தைக் கிடைமரங்களால் பிரித்த அடுக்குகள், மேலிருந்தே கணக்கிடப்பட்டன. நிலத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அடித்தட்டு மட்டுமே குட்டையாயிற்று. உங்கள் சட்டம் 70 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால், அந்த உயரத்தில் ஒரு கிடைமரம் கொடுத்துத் தட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாய்பலகை ஒட்டும்போது ஒன்றைச் சட்டத்தின் முன்முகத்திலும், எதிர்த்திசையில் சாயும் மற்றதைப் பின்முகத்திலும் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே முகத்தில் ஒட்டினால், அவை சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதன் மேல் ஏறி, நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்தப் புடைப்புத்தான். உண்மைப் பாலத்தில் அவ்விரு பலகைகளும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. இடையில் காலின் முழுத் தடிப்பு இருக்கும்.

வளைவைப் பொறுத்தவரை எதையும் வளைக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குச் சட்டம் 15 அடி, அதாவது 52 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, 560 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவில் பாலம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு சட்டங்களுக்கு இடையே நேராகக் கிடக்கும் நெடுமரத்துக்கும் வளைந்த கோட்டுக்கும் நடுவில் வரும் வேறுபாடு 0.6 மில்லிமீற்றர் மட்டுமே. ஒவ்வொரு தண்டவாளத்தின் கீழும் மூன்று நெடுமரங்கள் பக்கம் பக்கமாக, 7 மில்லிமீற்றர் அகலத்தில் கிடப்பதால், அந்த வேறுபாடு அவற்றுக்குள் மறைந்துவிடும். வெளிப்பக்க நெடுமரத்துக்கும் உட்பக்க நெடுமரத்துக்கும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். அதை வரைபடத்தின் மேல் வைத்தே வெட்டுங்கள். நேரான பகுதியில் மட்டும் ஒரு நெடுமரத்தை இரண்டு இடைவெளிகளுக்கு நீட்டி, பொருத்துகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போடுங்கள். வளைவில் அப்படி நீட்டினால் வேறுபாடு 2 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். சட்டங்களை நிறுத்தும்போது ஒவ்வொன்றும் வளைவின் மையத்தை நோக்கி நிற்க வேண்டும். அதற்கு மையத்திலிருந்து நூல் பிடித்துக் கோடு போடுவதை விடச் சுலபமான வழி கிடையாது.

இத்தனை சட்டம் எதற்கு என்று சலிப்பாக இருந்தால், கனடாவின் வன்கூவர் தீவில் 1920இல் முடிக்கப்பட்ட கின்சோல் பாலத்தை எண்ணிப் பாருங்கள். அது 44 மீற்றர் உயரமும் 187 மீற்றர் நீளமும் கொண்டது, வளைவிலேயே நிற்பது. எச்.ஓ. அளவில் அதைக் கட்டினால் அரை மீற்றர் உயரத்தில், 8 அடி மேசையின் நீளத்தை ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொள்ளும். ஆற்றங்கரையிலேயே மரம் கிடைத்தது, இரும்பு தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. அக்காலத்தில் இத்தகைய பாலங்கள் பெருகியதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: எங்கள் வீட்டில் போர்க்காலப் பதுங்குகுழியின் மேல் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. வடபாதையின் அந்த மரத்திலிருந்தே என் மாதிரிப் பாலத்தைச் செய்ய விரும்புகிறேன். முடியுமா? (கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் விருப்பம் மதிக்கத்தக்கது. 1990இல் யாழ்தேவி நின்றுபோனபின் வன்னியூடாகச் சென்ற பாதையின் தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போனதை இந்தப் பகுதியில் அறியாதார் இல்லை. இன்று யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதம், புதிதாக இடப்பட்டு 2013க்கும் 2014க்கும் இடையில் திறக்கப்பட்ட பாதையில்தான் ஓடுகிறது. பழைய கட்டையின் ஒரு துண்டு உங்களிடம் இருப்பது பெரிய விடயம்.

ஆனால் வாளை வைக்குமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, உலோகம். அந்தக் காலத்தைக் கடந்து வந்த மரத்தில் ஆணி மட்டுமல்ல, இரும்புச் சிதறலும் உள்ளே கிடக்கலாம். வலுவான காந்தத்தை எல்லா முகத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். காந்தம் ஆழத்தில் உள்ளதைப் பிடிக்காது. ஆகையால் பட்டறைக்காரரிடம் மரத்தின் வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நாட்பட்ட வன்னி மரத்தை அறுத்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை புதிதல்ல. இரண்டாவது, தார் போன்ற கடும் மணம் வீசினால், அது உளுத்துப்போகாமலிருக்க கிரியோசோற் எண்ணெய் ஊட்டப்பட்ட கட்டை. அதன் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு; அதை அறுக்கவே வேண்டாம், முழுத் துண்டாகவே பேணுங்கள். மூன்றாவது, வெடிப்பு. வெயிலில் கிடந்த மேற்பகுதியை விட்டு, உள்வைரத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

இம்மூன்றிலும் தடையில்லையெனில், பாலம் முழுவதையும் அதில் செய்ய முயலாதீர்கள். துண்டு போதாது, வைரமும் மெல்லிய பலகைக்கு இசையாது. பாலத்தின் மேலுள்ள சிலிப்பர் கட்டைகளை மட்டும் அதிலிருந்து 2.3 மில்லிமீற்றர்ச் சதுரத்தில் வெட்டுங்கள். வடபாதையில் சிலிப்பராகக் கிடந்த மரம், உங்கள் மேசையிலும் சிலிப்பராகவே தண்டவாளத்தைத் தாங்கும்.

கேள்வி: மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் காட்டு மரம் ஏற்றிச் செல்லும் ஒரு கற்பனைக் கிளைப்பாதையைச் செய்கிறேன். அதில் இப்படி உயரமான பாலம் வருவது பொருந்துமா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உயரமான பாலம் பொருந்தாது. வன்னி தட்டையான நிலம். 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்ற வடபாதையும் இங்கே மலை ஏறவோ பள்ளத்தாக்கைத் தாண்டவோ இல்லை. ஆனால் மரக்கால் பாலத்தின் தாழ்ந்த வகை உங்கள் கற்பனைக்கு மிகவும் ஏற்றது. அதில் அடிமரம் கிடையாது. உருண்டை மரங்களையே முளைகளாகச் சேற்றில் அடித்து இறக்கி, மேலே தலைமரம் பொருத்துவார்கள். கனகராயன் ஆறு போன்று மாரியில் பெருகிக் கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றின் மேலோ, குளம் வான் பாயும்போது நீர் பரவும் தாழ்நிலத்தின் மேலோ, 40 முதல் 50 மில்லிமீற்றர் உயரத்தில் அதை அமையுங்கள்.

இந்த முளைகளுக்கு நம்மிடம் ஈர்க்கு இருக்கிறதே! தென்னீர்க்கின் அடிப்பகுதி, அல்லது அதனினும் உறுதியான பனை ஈர்க்கு, நன்றாகக் காய்ந்தபின் முளையின் வடிவத்தையும் ஒடுக்கத்தையும் இயல்பாகவே தருகிறது. தகரத் துண்டில் மூன்றரை மில்லிமீற்றர்த் துளையிட்டு, அதற்குள் இறுக்கமாக நுழைபவற்றை மட்டும் தெரிந்தெடுங்கள். மேல்தோல் வழுவழுப்பாக இருப்பதால் பசை பிடிக்காது; கத்தியின் பின்முனையால் சுரண்டிவிடுங்கள். உண்மையான முளைகள் மெல்லிய முனை கீழே இருக்கும்படி அடிக்கப்பட்டன என்பதையும் மனதிற்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பு: எச்.ஓ. பாதையின் 16.5 மில்லிமீற்றர் அகலம் 1435 மில்லிமீற்றர்ப் பாதைக்கு உரியது. நமது 1676 மில்லிமீற்றர்ப் பாதையைக் காட்ட 19 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். கற்பனைப் பாதைக்காக வண்டிகளின் சில்லுகளையெல்லாம் மாற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து.

கேள்வி: பாலத்துக்கு முதுமை நிறம் கொடுப்பது எப்படி? மாரி காலத்தில் தண்டவாளம் நெளிகிறது என்கிறார்களே? (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: குச்சிகளை ஒட்டுவதற்கு முன்பே நிறம் கொடுங்கள், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும். இரும்புத் தும்பை வினாகிரியில் சில நாள்கள் ஊறவைத்து வடித்த நீரும், கடும் தேயிலைச் சாயமும் போதும். போத்தலை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். குச்சிகளை முதலில் தேயிலையில் தோய்த்து உலர்த்தி, பின் இரும்பு நீரில் தோய்த்தால், வெயிலில் வெளிறிய மரத்தின் சாம்பல் கறுப்பு கிடைக்கும்.

தண்டவாளம் நெளிவது மாரியில் அன்று, மாரி கழிந்து கோடை வந்தபின். ஈரத்தில் உப்பிய மேசையின் மேல் இடைவெளியின்றித் தண்டவாளம் பொருத்தினால், கோடையில் மேசைச் சட்டம் சுருங்க, அதே வெப்பத்தில் தண்டவாளம் சற்று நீள, போக இடமின்றி அது பக்கவாட்டில் பிதுங்கும். பாலத்தின் இரு முனையிலும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். மேசைச் சட்டத்தின் எல்லா முகத்துக்கும், முக்கியமாக வெட்டு முனைகளுக்கு, வார்னிஷ் பூசுங்கள். தடம்புரண்ட வண்டி பாலத்திலிருந்து விழாமல் தடுக்க, இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஓடும் காவல் தண்டவாளங்களை மின்னோட்டமுள்ள தண்டவாளங்களை விடச் சற்றுத் தாழ்த்தி, மின்தொடர்பு இல்லாமல் வையுங்கள். எல்லாம் காய்ந்தபின் ஒரு கிலோச் சீனிப் பொதியைப் பாலத்தின் நடுவில் வைத்து, விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், சட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நீளவாக்குச் சாய்பலகைகள் இன்னும் இரண்டு இடைவெளிகளுக்குத் தேவைப்படுகின்றன.