பத்து இலை போக மீதிக் கட்டு

கேள்வி: அக்கா, பீட்சா செய்ய, மணத்துக்குப் போடும் பேசில் இலை ஒரு கட்டு வாங்கினேன். அதற்குப் பத்து இலைதான் தேவைப்பட்டது. மீதியை என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ‘பெஸ்டோ அரை’ என்கிறார்கள். இலையோடு பூண்டு, எண்ணெய், சீஸ் எல்லாம் சேர்த்து அரைக்கும் அந்த இத்தாலியச் சட்னியை எங்கள் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள்.
– பெஸ்டோ பிடிக்காதவள்

பதில்: கையைக் கொடுங்கள். என் கணவர் பெஸ்டோவுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பச்சைச் சாந்து’. நானும் பல வருடம் ஒரே தப்பைத்தான் செய்தேன். கட்டு மிச்சமானதும் அதற்கென்று ஒரு பதார்த்தம் தேடுவேன். அதற்கு வேண்டிய வேறு நாலு சாமான் வீட்டில் இருக்காது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டு, மூன்றாம் நாள் குப்பையில் போடுவேன்.

இப்போது பேசிலுக்காக எதையும் சமைப்பதில்லை. அன்றைக்கு அடுப்பில் என்ன இருக்கிறதோ அதில் போடுகிறேன். அடுப்பை அணைத்த பிறகு பத்துப் பன்னிரண்டு இலையைக் கையால் கிழித்துப் போட்டு மூடிவிடுங்கள், இரண்டு நிமிடம் போதும். தக்காளி சேர்ந்த எதுவும் இதை ஏற்றுக்கொள்ளும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, பூண்டு போட்டு வேகவைத்த பருப்பு, சூடான சோற்றில் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் என்று எல்லாவற்றோடும் சேரும். ஆம்லெட்டை மடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நாலு இலை உள்ளே போட்டுப் பாருங்கள். முட்டையின் சூட்டிலேயே இலை துவண்டு மணம் விடும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் மற்றவற்றைவிட இதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போட்டிருப்பேன். கண்டுகொள்ளாதீர்கள்.

அடுப்பே வேண்டாமென்றால் வெள்ளரிக்காய் போட்ட தயிரில் பொடியாக நறுக்கிப் போடலாம். சாண்ட்விச்சில் லெட்டூஸுக்குப் பதிலாக முழு இலையாகவே அடுக்கலாம். பழத்தோடும் சேரும். தர்பூசணித் துண்டுகள்மேல் கொஞ்சம் உப்பு, எலுமிச்சை, கிழித்த பேசில் என்று கொடுத்தால் ‘இதென்ன புதுசாக இருக்கிறதே’ என்று நிச்சயம் கேட்பார்கள். வறுத்து அரைத்த மசாலா நிறையச் சேர்ந்த குழம்பில் மட்டும் போடாதீர்கள். அந்தச் சத்தத்தில் பேசிலின் குரல் கேட்காது.

கேள்வி: தக்காளி சாஸுக்கு வெங்காயம் வதக்கும்போதே இரண்டு கைப்பிடி பேசில் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். வாசனையே இல்லை. கட்டு பழசாக இருந்திருக்குமோ?
– இரண்டு கைப்பிடி போனவர்

பதில்: கட்டின் மேல் பழி போடாதீர்கள். பேசிலின் மணமே லினலூல், யூஜினால் மாதிரியான எண்ணெய்களில்தான் இருக்கிறது. சூடு பட்டால் ஆவியோடு போய்விடும் ஜாதி இவை. சாஸ் கொதிக்கும்போது உங்கள் சமையலறை கமகமவென்று இருந்திருக்குமே? சட்டியில் இருக்க வேண்டியது காற்றில் போனது, அவ்வளவுதான்.

இதை நம்பாமல் நானே ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். ஒரே தக்காளி சூப்பை இரண்டு பாத்திரத்தில் பிரித்தேன். ஒன்றில் எட்டு இலை போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். இன்னொன்றை அதே நேரம் சும்மா கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு எட்டு இலை போட்டேன். எதில் எது என்று சொல்லாமல் கணவரிடம் இரண்டு கிண்ணத்தையும் நீட்டினேன். முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, “இதில் கீரை போட்டாயா?” என்றார். இரண்டாவதை வாய்க்குக் கொண்டுபோகும்போதே, “ஓ, இதுவா பேசில்” என்றார். அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனால் காம்பு வேறு விஷயம். இளங்காம்பில் நல்ல மணம் உண்டு, கொஞ்சம் சூட்டையும் தாங்கும். இலையை உருவிய பிறகு காம்புகளை நூலால் கட்டி, சாஸ் கொதிக்கும்போதே போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள். இலை கடைசியில். தடித்து மரம்போல் ஆன அடிக்காம்பு மட்டும் எதற்கும் ஆகாது.

கேள்வி: மற்ற கீரைகளைப் போலவே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டே நாளில் கறுத்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?
– கறுத்த டப்பாக்காரி

பதில்: ஃபிரிட்ஜில் வைத்ததுதான் தப்பு. பேசில் வெப்பப் பகுதிச் செடி. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இலையின் செல்கள் குளிரில் சேதமாகிக் கறுத்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி வாக்கில் இருக்கும். நான் ஒருமுறை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் அடைத்து, காய்கறித் தட்டின் அடியில் பத்திரமாக வைத்தேன். எடுக்கும்போது தேயிலைச் சக்கை மாதிரி இருந்தது.

பூங்கொத்தை எப்படி வைப்பீர்களோ அப்படி வையுங்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு காம்பின் அடியிலும் அரை அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிடுங்கள், விட்டால் அழுகித் தண்ணீர் நாறும். கண்ணாடி டம்ளரில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு நிற்க வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகக் கவிழ்த்து, நேர்வெயில் படாத மேடையில் வையுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். கழுவுவது எடுக்கும்போது மட்டும். கட்டு புதிதாக இருந்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும்.

பத்துப் பதினைந்து நாளில் சில காம்புகளின் அடியில் வெள்ளை நூல்போல வேர் விடும். ஒரு அங்குலம் வளர்ந்ததும் தொட்டியில் நட்டுவிடுங்கள். என் சன்னலோரத்தில் இப்போது நிற்கிற செடி அப்படி வந்ததுதான்.

கறுத்த இலையைப் பற்றி ஒரு வார்த்தை: வெறும் கறுப்புத் திட்டு என்றால் சமையலில் போடலாம், அழகு மட்டும்தான் குறைவு. வழவழப்பும் கெட்ட வாடையும் வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பெஸ்டோ பிடிக்கும். ஆனால் மிக்ஸியில் அரைத்தால் பாசி நிறத்தில், கசப்பாக வருகிறதே?
– மிக்ஸியோடு மல்லுக்கட்டுபவர்

பதில்: நிறமும் கசப்பும் இரண்டு தனிப் பிரச்சினை. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து இலையைப் பழுப்பாக்குகின்றன. மிக்ஸியின் சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். கொதிக்கும் தண்ணீரில் இலைகளைப் பத்து விநாடி முக்கி எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு அரையுங்கள். பச்சை நிறம் அப்படியே நிற்கும். மணம் ஒரு சுற்றுக் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிறத்தைவிட மணம் முக்கியம் என்பதால் நான் முக்குவதில்லை.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயை மிக்ஸியின் வேகத்தில் சுழற்றினால் கசப்பு ஏறிவிடுகிறது. இலை, பூண்டு, பைன் விதை, உப்பு எல்லாவற்றையும் விட்டு விட்டு அரைத்து வழித்தெடுத்து, எண்ணெயையும் துருவிய சீஸையும் கரண்டியால் கலந்துகொள்ளுங்கள். பெஸ்டோவின் ஊர் இத்தாலியின் ஜெனோவா. பெஸ்டோ என்ற பெயரே ‘இடிப்பது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அங்கே சலவைக்கல் உரலில் இடிப்பதுதான் பழைய முறை. பைன் விதை கிடைக்காவிட்டால் வால்நட்டோ முந்திரியோ போடலாம்.

கேள்வி: பேசிலுக்குப் பதில் துளசி போடலாமா? இரண்டும் ஒன்றுதானே?
– சந்தேகப் பிராணி

பதில்: ஒரே குடும்பம், வேறு வேறு ஆள். தமிழில் திருநீற்றுப்பச்சிலை என்கிறோமே, பேசில் அந்த இனம். சப்ஜா விதையும் அதிலிருந்து வருவதுதான். துளசியில் கிராம்புக் காரம் தூக்கலாக இருக்கும். பெஸ்டோவில் துளசியை அரைத்தால் கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிடும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

கேள்வி: மீதி இலையை எண்ணெயில் ஊறப்போட்டு, பாட்டிலை மேடையிலேயே வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?
– பாட்டில்காரர்

பதில்: இன்றைக்கே கொட்டிவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஈரமுள்ள இலை காற்றுப் புகாத எண்ணெய்க்குள் அறை வெப்பத்தில் கிடந்தால், பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைத் தரும் கிருமி வளர இடமுண்டு. அதை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. பேசில் எண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள்.

நீண்ட நாளுக்கு வேண்டுமா? இலையைப் பொடியாக நறுக்கி ஐஸ் தட்டின் குழிகளில் முக்கால்வாசி நிரப்பி, எண்ணெய் விட்டு மூடி, ஃபிரீசரில் உறைய வையுங்கள். உறைந்ததும் கட்டிகளை ஒரு பையில் மாற்றி மூன்று நாலு மாதம் வைத்துக்கொள்ளலாம். அப்படியே முழு இலையாக உறைய வைத்தால் கறுத்துவிடும், எண்ணெய்க்குள் பச்சை ஓரளவு நிற்கும். சூப்பில் ஒரு கட்டி, நூடுல்ஸில் இரண்டு. பனிக்கட்டி என்று தெரியாமல் யாரும் ஜூஸில் போட்டுவிடாதபடி பையில் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது.

கேள்வி: வெயிலில் காயவைத்துப் பொடியாக்கி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். வைக்கோல் வாசனை பிடிக்குமென்றால்.

கேள்வி: கட்டில் சில காம்புகளில் பூ வந்திருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். பூவை உதிர்த்துச் சாலட்டிலோ ஆம்லெட்டின் மேலோ தூவுங்கள். பூத்த காம்பின் இலை கொஞ்சம் கசக்கும் என்பதால் முதலில் அதைச் செலவழியுங்கள். தொட்டியில் செடி இருந்தால் மொட்டைக் கண்ட உடனே, அதற்குக் கீழுள்ள ஜோடி இலைக்குச் சற்று மேலே கிள்ளிவிடுங்கள். அந்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும்.