‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்ஸ்’ கேட்கும் மகள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கட்-ஆஃப் 190-ஐத் தாண்டும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், ‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்ஸ்’தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறை நல்ல துறை. ஆனால் அந்தப் பெயர் போட்ட பிரிவில்தான் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

விமானம், கார், மெட்ரோ ரயில், இன்சுலின் பம்ப் என்று மென்பொருளே இயந்திரத்தை ஓட்டுகிற இடமெல்லாம் இந்தத் துறைதான். போனில் ஒரு ஆப் நின்றுபோனால் மறுபடி திறந்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 நொடியில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்கப் பார்த்ததுதான் காரணம். முந்தைய ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலை (புரோகிராமை) அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், எண் கொள்ளவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது. இதில் கொடுமை, ஏரியான் 5 தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை!

சோதித்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். சோதனையில் நாம் கொடுத்த உள்ளீடுகளுக்குத்தான் பதில் தெரியும். அதனால் சில இடங்களில் நிரலைக் கணிதத் தேற்றம் போல நிரூபிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2009-ல் ‘எஸ்இஎல்4’ என்ற இயங்குதளக் கருவின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சுமார் 8,700 வரி சி மொழி நிரலை இப்படி நிரூபித்தார்கள். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, போயிங்கின் ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்றில் அதை வைத்தது. ஹேக்கர்களுக்கு உள்ளேயே ஒரு பகுதியைத் திறந்துவிட்டு, முக்கியக் கட்டுப்பாட்டைப் பிடியுங்கள் பார்ப்போம் என்றது. அவர்களால் முடியவில்லை.

ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்று எழுதியதே தப்பாக இருந்தால்? போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தார்கள். அங்கே மென்பொருள் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. ஒரே ஒரு சென்சாரை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளலாம் என்று வடிவமைத்ததில்தான் கோளாறு. ஆகவே இந்த வேலைக்கு வருகிறவருக்கு லாஜிக்கும் தெரிய வேண்டும், அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்றும் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு இயற்பியல் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அது வீணாகாது.

சரி, எதில் சேர்ப்பது? சிஎஸ்இ, இசிஇ, இஇஇ, இன்ஸ்ட்ருமென்டேஷன் எதுவானாலும் பரவாயில்லை. பாடத்திட்டத்தை வாங்கி டிஸ்க்ரீட் மேத்ஸ், ஆட்டோமேட்டா, ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே பிரிவில் அமையாது. விட்டுப்போனதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். புதுப் பெயருள்ள பிரிவு என்றால் பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும் என்று கல்லூரியில் கேட்டுவிடுங்கள். அரசு நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் பிரிவின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள், அப்போது போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கணிதத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தையும் பாருங்கள். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் அங்கே உண்டு; நிரல் சரிபார்ப்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இடம். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

வேலை, கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கார் மென்பொருள் பக்கம் இருக்கிறது. விமானம் என்றால் பெரும்பாலும் பெங்களூருதான். தொடக்கத்தில் வேலை சலிப்பாகவே இருக்கும். விமானத்துக்கு டிஓ-178சி, காருக்கு ஐஎஸ்ஓ 26262 என்று தரவிதிகள் உண்டு. ஒவ்வொரு தேவைக்கும் எந்த வரி, எந்தச் சோதனை என்று ஆவணம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆப் எழுதும் தோழிக்கு முதலில் கூடச் சம்பளம் வரலாம். அதை இப்போதே மகளிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஏஐ எல்லா வேலையையும் பிடுங்கிவிடும் என்று உறவினர் பயமுறுத்தியதாகச் சொன்னீர்கள். பட்டியலைப் பார்த்து டிக் போடும் சோதனை வேலை குறையும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் யாரோ, எதுவோ எழுதிய நிரல் பெருகப் பெருக, ‘இது சரி’ என்று கையெழுத்துப் போடத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு கூடும்.

முதலில் அவளுக்கு இது ஒத்துவருமா என்று பாருங்கள். பரீட்சை முடிந்ததும் ‘பைனரி சர்ச்’ நிரலை, அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் நிரலை, சி மொழியில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், நடு இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டியலின் இரண்டு முனை எண்களைக் கூட்டிப் பாதியாக்கும் வரி எப்போது தப்பாகும் என்று கேளுங்கள். ஜாவாவின் நூலகத்திலேயே பல வருடம் யாரும் கவனிக்காமல் கிடந்து, 2006-ல் வெளியே தெரிந்த பிழை அது. விடையை இணையத்தில் தேடாமல் தானே குடைந்து பார்க்கிறாளா, அரை மணியில் எரிச்சலாகி எழுந்துவிடுகிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். கவுன்சலிங் சாய்ஸ் பட்டியலை அதற்குப் பிறகு போடலாம்.