ஊசி குறைந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, எடை 28 கிலோ. பொங்கலுக்கு முன்பு ஓயாமல் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், இளைத்துக்கொண்டே போனாள். டைப் 1 சர்க்கரை என்று சொல்லி நாளுக்கு 24 யூனிட் இன்சுலினில் ஆரம்பித்தார்கள். மாமியார் ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கிவந்து அதையும் கொடுக்கிறார். மூன்றே மாதத்தில் இன்சுலின் 8 யூனிட்டுக்கு இறங்கிவிட்டது. "பொடிதான் கேட்குது, ஊசிய நிறுத்திப்போடலாம்" என்கிறார். நிறுத்தலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, கவுந்தப்பாடி

பதில்: நிறுத்தாதீங்க அம்மணி. காரணம் அப்புறம்.

இப்படிக் குறைவதற்கு எங்கள் பாஷையில் 'ஹனிமூன் காலம்' என்று பெயர். குழந்தைகளின் நோய்க்கு இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ! உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதுதான் டைப் 1. நோய் தெரியவரும்போது கொஞ்சம் செல்கள் மிச்சமிருக்கும். ஊசி போட ஆரம்பித்ததும் அவற்றின் சுமை குறைந்து, திரும்பவும் சுரக்கின்றன. கோடையில் இரண்டு நாள் மோட்டாரை நிறுத்தினால் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் ஊறி நிற்குமே, அந்த மாதிரி. அதை வைத்து மழை பெய்துவிட்டது என்று சொல்ல முடியுமா? சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டும், பிறகு தேவை ஏறும். பொடியைக் கண்ணிலேயே பார்க்காத பிள்ளைகளுக்கும் இதேதான்.

பல வருடங்களுக்கு முன் இதே நிலையில் ஒரு பையன். வீட்டில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். வயிற்றுவலி, வாந்தி என்று ராத்திரியில் தூக்கிவந்தார்கள். அஜீரணம் என்றுதான் அவன் அப்பா நினைத்திருந்தார். மூச்சு ஆழமாக வாங்குகிறது, வாயில் அழுகின பழ வாடை. இன்சுலின் இல்லாததால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டான். அவன் அப்பாவை நான் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் தோன்றவில்லை.

அளவை டாக்டர் குறைக்கட்டும். இந்த ஹனிமூன் காலத்தில் 'லோ' ஆவது, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, சுலபம் என்பதால் விரல் நுனி பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். 70-க்குக் கீழே போனால் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஒன்று, நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன உங்கள் ஊர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது: நாட்டுச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், பொடியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: பேரனுக்கு வழக்கமான இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கவில்லை. மெடிக்கலில் வேறு நிற மூடி போட்டதைக் கொடுக்கிறார்கள். பரவாயில்லையா?
- ஒரு தாத்தா, தாராபுரம்

பதில்: வாங்காதீங்க ஐயா. சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு; ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பியைக் கையோடு கொண்டுபோய், அதிலுள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தே வாங்குங்கள்.